வானமும் கடலும் ஒரே வார இறுதியில்: ஜாலான் ஈப்போ மாடிக் கடை

நான் எழுதப்போவது ஒரு ஸ்கூபா சாமான் கடையைப் பற்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது விளம்பரம் இல்லை. கடைக்காரர் எனக்கு உறவும் இல்லை. ஐந்து வருடமாகக் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற, ரெகுலேட்டரை (உருளையிலிருந்து வாய்க்கு மூச்சுக் காற்றைத் தரும் கருவி) சர்வீஸுக்குக் கொடுக்கிற ஒரு வாடிக்கையாளராகத்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். இப்போது வருகிற ஆட்களையே கணவன் மனைவி இரண்டு பேரால் பார்க்க முடியவில்லையாம். அதனால் இடம் மட்டும்: கோலாலம்பூர், ஜாலான் ஈப்போ, செந்தூல் பக்கம். கீழே டயர் கடை, அதை ஒட்டி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, இரண்டுக்கும் நடுவில் குறுகலான படிக்கட்டு. ஏறினால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ரப்பர் வாசனை அடிக்கும். அதுதான்.

நான் ஸ்கைடைவிங்கும் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) செய்கிறேன், ஸ்கூபாவும் (காற்று உருளையோடு கடலில் முழுகுவது) செய்கிறேன். இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒன்றைச் சொல்ல முடிந்ததே இல்லை. பத்தாயிரம் அடியில் விமானத்தின் கதவு திறந்து, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்து, கால் வெளியே போகிற அந்த நொடி வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் பத்துப் பன்னிரண்டு நொடிகள்தான் வேகம் கூடிக்கொண்டே போகும், மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வந்ததும் அதற்கு மேல் கூடாது, காற்று அடியிலிருந்து உடம்பைத் தாங்கத் தொடங்கிவிடும். விழுகிறோம் என்ற எண்ணமே போய்விடும். கனமான எதன்மேலோ குப்புறப் படுத்திருப்பது போல இருக்கும். கடலிலும் எனக்குப் பிடித்தது அதுதான். மிதவைச் சட்டையில் காற்றைச் சரியாக வைத்துவிட்டால் மூச்சை இழுக்கும்போது உடம்பு கொஞ்சம் எழும்பும், விடும்போது கொஞ்சம் தாழும், தண்ணீர் உன்னை வைத்துக்கொள்ளும். இரண்டு இடத்திலும் நான் செய்வது ஒன்றுதான், கையையும் காலையும் பதற்றத்தில் ஆட்டாமல் அதனிடம் உடம்பைக் கொடுத்துவிடுவது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய நாற்பது குதிப்பும் அறுபது டைவும் ஆயின.

சரி, கடைக்கு வருகிறேன்.

இந்தக் கடையை நான் ஏன் நம்புகிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். மலேசியா தினத்தை ஒட்டி வந்த ஒரு நீண்ட வார இறுதி. சனியும் ஞாயிறும் தியோமான் தீவில் டைவ் செய்வது, ஞாயிறு மாலை மெர்சிங்குக்குத் திரும்பித் தங்குவது, திங்கள் காலை குளுவாங் வழியாகச் சிகாமட்டுக்குக் காடியை (காரை) ஓட்டிப்போய் அங்கே இரண்டு தடவை குதித்துவிட்டு இரவுக்குள் கோலாலம்பூர் வந்துவிடுவது. வரைபடத்தில் பார்த்தால் வழி மேலேயே எல்லாம் இருக்கிறது. இவ்வளவு அழகான திட்டத்தை நான் அதுவரை போட்டதே இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன். வியாழக்கிழமை வேலை முடிந்து வாடகைக்கு ஒரு ஈரச்சட்டை (தண்ணீரில் குளிராமல் இருக்கப் போடும் ரப்பர் உடை) எடுக்கப் போனேன். கடைக்கார அண்ணன் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "எப்ப திரும்புற தங்கச்சி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் சொன்னேன். சிகாமட் என்றதும் கை நின்றுவிட்டது.

"கடைசி டைவ் எத்தனை மணிக்கு?"

"ஞாயிறு மூணு மணி இருக்கும் அண்ணே."

"திங்கள் எத்தனை மணிக்குக் குதிக்கிற?"

"ஒம்பது, ஒம்பதரை."

பையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். குளிர்பெட்டியிலிருந்து இரண்டு டின் 100 பிளஸ் (சோடா போலக் காற்றடைத்த குளிர்பானம்) கொண்டுவந்தார். ஒன்றை நன்றாகக் குலுக்கி என் கையில் கொடுத்து, "இப்ப தொற" என்றார். நான் தயங்கினேன். அவரே வாங்கி, தொட்டியின் மேலே பிடித்து வளையத்தை டப்பென்று இழுத்தார். நுரை பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் முழங்கை வரை வழிந்தது. இரண்டாவதையும் அதே போலக் குலுக்கினார், ஆனால் வளையத்தை நகத்தால் கொஞ்சமாகத் தூக்கி, ஸ்ஸ் என்று காற்று போக விட்டு, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தூக்கி, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "உன் ரத்தத்திலயும் சதையிலயும் நைட்ரஜன் இப்படித்தான் கரைஞ்சு கெடக்கும். மெதுவா விட்டா மூச்சோட போயிடும். நீ திங்கக்கிழமை இந்த மொத டின்ன மாதிரி போய் நிக்கப் போற." இவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டாவது டின்னை நான்தான் குடித்தேன்.

நான் ஸ்கூபா படிக்கும்போதே இது பாடத்தில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு, அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலிருந்து நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரைகிறது, மேலே வந்த பிறகு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. அது முடிவதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழிகள் உருவாகலாம்: மூட்டு வலி, தோலில் தடிப்பு, கைகால் மரத்துப்போவது, மோசமானால் முதுகுத்தண்டு வரைக்கும். விமானம் ஏறக்கூடாது என்றும் படித்திருந்தேன். ஆனால் விமானம் என்றால் என் மனதில் ஏர்ஏசியாதான் வந்தது, நான் குதிக்கிற சின்ன விமானம் வரவே இல்லை. அதை ஒரு விளையாட்டாகவும் இதை வேறொரு விளையாட்டாகவும் இரண்டு அறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். இரண்டையும் செய்கிற பலரும் இப்படித்தான் இருப்போம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஸ்கூபா சொல்லித்தருபவர் குதிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை, குதிக்கச் சொல்லித்தருபவர் நேற்று நீ எங்கே முழுகினாய் என்று கேட்பதில்லை.

அன்று அவர் எழுதிக் காட்டிய கணக்கை இங்கேயும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். டான் என்று சுருக்கிச் சொல்லும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பு 2002-இல் ஒரு கூட்டம் நடத்தி, முழுகிய பிறகு பறக்கும் முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று வெளியிட்ட வழிகாட்டுதல்தான் இப்போதும் பெரும்பாலும் சொல்லப்படுவது. நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற வழியில் கட்டாயமாக நின்று ஏறுவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் 18 மணி நேரம், நிறுத்தத்தோடு ஏறுகிற டைவ் என்றால் 18-ஐ விட நன்றாகவே கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். என் திட்டத்தில் ஞாயிறு மூன்று மணியிலிருந்து திங்கள் ஒன்பது மணி வரை எண்ணினால் சரியாகப் பதினெட்டு. அதைப் பார்த்ததும் நான், "கணக்கு ஒத்து வருதே அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பன்னிரண்டும் பதினெட்டும் 2,000 முதல் 8,000 அடி வரையிலான உயரத்துக்குச் சொன்னவை. பயணிகள் விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள், நம் உடம்புக்கு அது அதிகம் போனால் 8,000 அடி மலையில் உட்கார்ந்திருப்பது போல. குதிக்கிற விமானத்தில் அப்படி எதுவும் கிடையாது. 10,000 அடி என்றால் நிஜமாகவே 10,000 அடி, காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட முப்பது சதவீதம் குறைவு. 13,000 அடி வரை ஏற்றுகிற இடங்களும் உண்டு, அங்கே கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைவு. அதற்கு அந்தப் பதினெட்டு போதும் என்று யாரும் சொல்லவில்லை. "என் கடையில சாமான் எடுத்தா 24 மணி நேரத்துக்குக் கொறஞ்சு குதிக்கக் கூடாது. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து முழுகினா ரெண்டு ராத்திரி தூங்கி எந்திரிச்சிட்டுப் போ." ஈரச்சட்டையைத் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) வாடகை வரும் சாமானை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் ஆளிடம் தரமாட்டேன் என்று சொன்ன கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. குதிப்பதற்கு முன்பணம் கட்டியிருந்தேன். அவர் மனைவி, அக்கா, கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "திருப்பிப் போட்டா என்னம்மா?" என்று கேட்டார். முதலில் வானம், பிறகு கடல். உயரத்திலிருந்து வந்து முழுகுவதில் இந்த நைட்ரஜன் பிரச்சினை இல்லை. கடைக்குள் நின்றபடியே சிகாமட்டுக்கு அழைத்துப் பேசினேன், சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அப்புறம்தான் ஈரச்சட்டை என் கைக்கு வந்தது.

அந்த வார இறுதியை நான் மறக்கவே மாட்டேன். சனி காலை இரண்டு தடவை குதித்தேன். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் செம்பனை, கோடு போட்டது போல வரிசை வரிசையாக, நடுவில் ஓடுதளம் ஒரு குச்சி. பாராசூட் விரிந்த பிறகு வரும் அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு மெர்சிங் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் படகில் தியோமான், மதியம் ரெங்கிஸ் தீவைச் சுற்றி ஒரு டைவ், பன்னிரண்டு மீட்டர்தான் போயிருப்பேன். அங்கேயும் அமைதி, அங்கேயும் என் மூச்சுச் சத்தம் மட்டும். கரும்முனைச் சுறாக் குட்டி ஒன்று பவளத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்னால் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருந்த அதே உடம்பு இது என்று நினைத்தபோது கண்ணாடிக்குள்ளேயே கண் கலங்கிவிட்டது. இந்த இரண்டு சந்தோஷத்தையும் ஒன்றை ஒன்று கெடுக்காமல் வைத்துக்கொள்ள வரிசை ஒன்று இருக்கிறது, அதை எனக்குச் சொல்லித்தந்தது இந்தக் கடை.

கொற்கையில் முத்துக் குளித்தவர்களைப் பற்றி என் தாத்தா ஒன்று சொல்வார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது மச்சானாகத்தான் இருக்க வேண்டுமாம், தங்கை தாலி நினைப்பில் கயிற்றை விடமாட்டான் என்று. டைவ் கடை என்றால் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். காலில் மாட்டும் துடுப்பும் முழுகும் கண்ணாடியும் இணையத்தில் இதைவிட மலிவாகவே கிடைக்கும்.

சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் டைவ் கம்ப்யூட்டரை (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும், மணிக்கட்டில் கட்டும் கருவி) இங்கேதான் வாங்கினேன், சூன்டோ சூப் நோவோ. அண்ணன் விலை கூடிய வண்ணத்திரைக் கடிகாரங்களை எடுத்துக் காட்டவே இல்லை, எத்தனை மீட்டர் போவாய், நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) படிப்பாயா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு இதை எடுத்து வைத்தார். எண்கள் பெரியவை, நான்கு பொத்தான், ஈரக் கையுறையோடும் அழுத்த முடிகிறது, பேட்டரியை நாமே மாற்றலாம், காற்றுக்கும் நைட்ராக்ஸுக்கும் போதும். டைவ் முடிந்ததும் திரையில் சின்னதாக ஒரு விமானம் வரும், பக்கத்தில் பறக்கக் கூடாத மணி நேரம் இறங்கிக்கொண்டே வரும். குறைந்தது 12 மணி நேரம் காட்டும், உடம்பிலிருந்து நைட்ரஜன் முழுதாக வெளியேற அதைவிட நேரமாகும் என்று அதன் கணக்குச் சொன்னால் அந்த நேரத்தைக் காட்டும். மேசைமேல் வைத்து அந்தச் சின்ன விமானத்தை விரலால் தட்டிக் காட்டி அவர் சொன்னது: இது மறைந்தால் கோத்தா பாருவில் விமானம் ஏறலாம், கதவைத் திறந்து வைத்துப் பறக்கிற விமானத்துக்கு இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குதிக்கும்போது இடது மணிக்கட்டில் உயரமானி கட்டுவேன், கடலில் அதே மணிக்கட்டில் இந்தக் கம்ப்யூட்டர். வானத்தில் நான் ஒரு நொடியில் விழுகிற தூரம் ஏறக்குறைய 55 மீட்டர். கடலில் அதே 55 மீட்டரை ஏறுவதானால், நிமிடத்துக்கு பத்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால், ஐந்தரை நிமிடம் ஆகும், அதிலும் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். அதே கை, அதே கண், ஆனால் ஒன்றில் நொடி, ஒன்றில் நிமிடம். "குதிக்கிற பழக்கத்துல தண்ணியில அவசரப்படாத. முழுகுற பழக்கத்துல மேல சாவகாசமா இருந்துடாத" என்றார். மாணவர்களாக இருந்தபோது எங்களுக்கு 5,500 அடியில் பாராசூட்டை இழுக்கச் சொல்வார்கள். அந்த எண் வரும் முன்னரே கை தயாராக இருக்க வேண்டும், அங்கே சாவகாசத்துக்கு இடமே இல்லை.

சர்வீஸ் இந்தக் கடையின் உண்மையான பலம். இதற்கு முன் வேறொரு கடையில் ரெகுலேட்டரைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன், பெயர் வேண்டாம். இருநூற்றுச் சொச்சம் வெள்ளி வாங்கினார்கள், பிளாஸ்டிக் உறையில் பளபளவென்று திரும்பி வந்தது. அடுத்த பயணத்தில் படகிலேயே ஸ்ஸ் என்று கசிந்தது, டைவ் முழுக்க வாய்ப்பகுதியிலிருந்து காற்று சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருந்தது. அதை அப்படியே இந்த மாடிக்கு எடுத்து வந்தேன். அண்ணன் என்னை உட்கார வைத்து என் கண் முன்னாலேயே பிரித்தார். முதல் நிலையின் (உருளையோடு இணையும் பகுதி) உள்ளே திருகு மரையில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஒன்றை ஊசி போன்ற பித்தளைக் கம்பியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தது. இதை மாற்றவே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் அதிர்வுத் தொட்டியில் போட்டு எடுத்து, புது ரிங்குகளைப் போட்டு மூட்டியதும் ஒரு அளவுமானியைச் சொருகினார். முதல் நிலையிலிருந்து வரும் நடு அழுத்தத்தை அது காட்டும், ஐபி என்பார்கள். முள் ஒன்பதரை பாரில் நின்றது. "இத மட்டும் பாரு. பேசாத" என்றார். இரண்டு நிமிடம் இரண்டு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. மெதுவாக மேலே நகர்ந்தால் உள்ளே காற்றை அடைக்கும் வால்வின் இருக்கை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் பயன் இல்லை. மாற்றிய பழைய உறுப்புகள் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். இது இந்தக் கடையின் வழக்கம், யாருடைய ரெகுலேட்டராக இருந்தாலும் பழையதைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நீங்கள் எந்தக் கடையில் கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றரை. முதல் இரண்டு வருடம் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு முழுகினேன், முழுகும் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் கண்ணைத் திறக்கவே பயம். அக்காதான் என் மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, முழுகும் கண்ணாடியிலேயே பார்வைத் திறன் உள்ள லென்ஸைப் பொருத்திக் கொடுத்தார். அரை அரைப் புள்ளியாக ஆயத்தமாகவே வைத்திருக்கிறார்கள், பதினைந்து நிமிட வேலை. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரியதாகத் தெரியும் என்பதால் சரியான அளவைவிட அரைப் புள்ளி குறைவாகப் போட்டாலும் பலருக்குப் போதும் என்று சொல்லி, இரண்டு அளவையும் முகத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இப்போது நண்டின் கண் தண்டு வரைக்கும் தெரிகிறது.

நீச்சல்குளத்தில் மறுபயிற்சி ஒன்றும் எடுத்தேன், ஒரு வருடம் முழுகாமல் இருந்த பிறகு. அங்கேதான் என் கை செய்துகொண்டிருந்த ஒரு காரியம் தெரிந்தது. குதிப்பவர்களிடம் கட்டைவிரலைத் தூக்குவது நல்லது, தயார், சந்தோஷம் எல்லாவற்றுக்கும். தண்ணீருக்குள் அதே சைகை, மேலே போகலாம், டைவ் முடிந்தது என்பதற்கு. மூன்று மீட்டர் குளத்தில் அண்ணன் எல்லாம் சரியா என்று கேட்க நான் கட்டைவிரலைத் தூக்க, அவர் என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுபடி இறங்கினோம், மறுபடி கேட்டார், மறுபடி கட்டைவிரல், மறுபடி மேலே. ஏழு தடவை. எட்டாவது தடவை என் விரல்கள் தாமாக வட்டம் போட்டன, தண்ணீருக்குள் எல்லாம் சரி என்பதற்கு அதுதான் சைகை. பத்தொன்பது மீட்டரில் துணையோடு இருக்கும்போது இது நடந்திருந்தால் அவர் ஏறத் தொடங்கியிருப்பார். இரண்டும் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் இதை ஒரு முறை குளத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

காதைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாக முடிக்கிறேன். சளி இருந்தால் இரண்டும் வேண்டாம். கடலில் இறங்கும்போது காது அடைத்தால் நின்று ஏறிச் சரிசெய்யலாம், வானத்தில் விழும்போது நிற்க முடியாது.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று. கிழக்குக் கரையிலிருந்து காடியில் திரும்புகிறவர்கள் காராக் நெடுஞ்சாலையில் வரும்போது, வழியில்தானே இருக்கிறது என்று கெந்திங் ஹைலண்ட்ஸுக்கு ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகள் கேட்கும், ஏறிவிடுவோம். ஆனால் அது 6,000 அடி. அன்று காலையில் முழுகியிருந்தால் அதுவும் விமானம் ஏறுவது போலத்தான். கேமரன் மலைக்கும் இதே கதை. இதைக் கடையின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள், தமிழிலும் மலாயிலும். அதற்குக் கீழே லுமுட் ராணுவ மருத்துவமனையின் அழுத்த அறை (நைட்ரஜன் குமிழியால் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் அறை) பற்றிய விவரம். கிழக்கே தியோமானிலோ பெர்ஹெந்தியான் தீவிலோ ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், லுமுட் இருப்பது நாட்டின் மறுபக்கம், மேற்குக் கரையில், நினைத்துப் பாருங்கள். முதலில் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், எந்தப் படகில் ஏறினாலும் ஆக்ஸிஜன் பெட்டி இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாதே என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்வார். கெர்த்தே பக்கம் எண்ணெய் மேடைகளில் பல வருடம் முக்குளித்து வேலை பார்த்தவர், பார்த்ததைச் சொல்கிறார்.

முழுகிவிட்டு வந்த மறுநாள் குதிக்க ஆசை அடங்கவில்லை என்றால் அவர் சொல்லும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டாலிங் ஜெயா ஒன் உத்தாமா பேரங்காடியில் இருக்கும் காற்றுச் சுரங்கத்துக்குப் போ என்பார். கீழிருந்து மேலே வேகமாக அடிக்கும் காற்றில் மிதப்பதுதான், தரைமட்டம், அழுத்தம் மாறுவதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போனால் போதும். நான் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். வயிற்றை முன்னால் தள்ளி உடம்பை வளைத்து நிற்பதைத் திருத்திக்கொள்ள அது நல்ல இடம், நிஜக் குதிப்பில் கிடைக்கிற முப்பது நொடியில் எதையும் திருத்த முடியாது.

குறைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வர ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். தொலைபேசியில் அழைத்தால் அக்கா எடுப்பார், அதுதான் நல்லது. காடி நிறுத்த இடம் கிடையாது, சனிக்கிழமை டயர் கடைக்கு வருகிறவர்கள் முன்னால் முழுக்க அடைத்துவிடுவார்கள், பின் சந்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். படிக்கட்டு செங்குத்து, காற்று உருளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது சிரமம், கீழே கொண்டுவந்து தருவார்கள் என்றாலும் வயதானவர்களுக்கு ஏறுவதே கஷ்டம். ஈரச்சட்டையில் பெண்களுக்குப் பெரிய அளவுகள் குறைவு, என் தோழி ஒருத்தி ஆண்கள் சட்டையைத்தான் எடுத்துப் போக வேண்டியிருந்தது, அது தோளில் தொளதொளவென்று இருந்து தண்ணீர் உள்ளே போய்க் குளிர்ந்துவிட்டது. இதை அவர்களிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. துடுப்புகளிலும் தேர்வு அதிகம் இல்லை. விலை இணையத்தைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதல். பேரம் பேசினால் குறைக்கமாட்டார்கள், ஒரு பை கிளிப்போ கண்ணாடிக்குப் பூசும் திரவமோ சேர்த்துத் தருவார்கள்.

ஸ்கைடைவிங் சாமான் எதுவும் இங்கே கிடையாது. பாராசூட்டைப் பற்றிக் கேட்டால், அதற்கு மடிக்கிற உரிமம் உள்ள ஆளிடம் போ, எனக்குத் தெரியாத கயிற்றில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவார். அதையும் நான் பாராட்டாகத்தான் எழுதுகிறேன்.

போகிறவர்கள் வார நாளில் ஐந்து மணிக்கு மேல் போங்கள், சனிக்கிழமை என்றால் மதியத்துக்கு முன். திங்கள் விடுமுறை. ரெகுலேட்டர் சர்வீஸுக்குப் பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், உங்கள் டைவ் பதிவேட்டையும் எடுத்துப் போங்கள், கேட்பார்கள். நான் அடுத்த மாதம் பெர்ஹெந்தியான் போகிறேன், 2000-இல் சர்க்கரை மூட்டைகளோடு மூழ்கிய கப்பலைப் பார்க்க. கடைசி டைவ் சனிக்கிழமை மதியம், கோத்தா பாருவிலிருந்து விமானம் ஞாயிறு மாலை, சிகாமட் அதற்கு அடுத்த வாரம். நேற்று இதைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை, ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.